பஸ்சின் முதுகில் இருக்கும் அந்த டிரம் என்ன?

1940-களில் எடுத்த பஸ் படம் ஏதாவது கையில் கிடைத்தால், பின்பக்கத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சில படங்களில் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு டிரம் செங்குத்தாக நிற்கும். மேலே ஒரு மூடி. அடியில் சின்னதாக ஒரு கதவு. அதிலிருந்து ஒரு குழாய் கிளம்பி முன்பக்கம் என்ஜினை நோக்கிப் போகும். என்ன அது? தண்ணீர்த் தொட்டியா? பெட்ரோல் டேங்க்கா?

"பாய்லர்" என்றுதான் பலரும் சொல்வார்கள். "அந்தக் காலத்துல பஸ்ஸு கரியில ஓடுச்சு, ரயில் மாதிரி" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கரியில் ஓடியது உண்மை. 'ரயில் மாதிரி' என்பதுதான் தப்பு!

நீராவி பஸ்சும் நம்மூருக்குப் புதிதல்ல. மவுண்ட் ரோடு சிம்சன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903-ல் நீராவி கார் ஒன்றைச் செய்தார். அடுத்து அவர் செய்த நீராவி பஸ் பெஜவாடாவுக்கும் (இன்றைய விஜயவாடா) மசூலிப்பட்டினத்துக்கும் இடையே ஓடியது. ஆனால் 1940-களின் படத்தில் இருப்பது அது இல்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது? நீராவி வண்டி என்றால் பாய்லருக்குத் தண்ணீர் வேண்டும், நீராவியில் இயங்கும் தனி என்ஜின் வேண்டும். படத்தில் இருப்பதோ வழக்கமான பானெட், ரேடியேட்டர் எல்லாம் உள்ள பெட்ரோல் பஸ். இன்னொரு தடயம், டிரம்முக்குப் பக்கத்தில் கையால் சுற்றும் ஒரு காற்று ஊதி. இவை எல்லாம் சேர்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். அதன் பெயர் 'கேஸ் பிளான்ட்'.

வேலை செய்யும் விதம் இதுதான். டிரம்மில் அடுப்புக்கரியைக் கொட்டி அடியில் தீ மூட்டுவார்கள். காற்றை அளவாகத்தான் விடுவார்கள். காற்று போதாமல் எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அது எரியக்கூடிய வாயு. அதைக் குளிரவைத்து, சாம்பலும் தூசியும் போக வடிகட்டி, காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்பினால், பெட்ரோல் ஆவி செய்யும் வேலையை இது செய்யும். ஆக, டிரம்மில் எரியும் கரி பஸ்சை நேராக ஓட்டவில்லை. எரிபொருளைத் தயாரித்துக் கொடுத்தது, அவ்வளவுதான்.

சரி, பெட்ரோல் என்ன ஆயிற்று? இரண்டாம் உலகப்போர்! 1941-ல் இந்தியாவில் பெட்ரோல் ரேஷன் வந்தது. நமக்கு எண்ணெய் அனுப்பிக்கொண்டிருந்த பர்மாவை ஜப்பான் தாக்கியது. ரங்கூன் பக்கத்தில் இருந்த சிரியம் சுத்திகரிப்பு ஆலையை, எதிரி கையில் சிக்கக்கூடாது என்று பிரிட்டிஷாரே 1942 மார்ச்சில் அழித்துவிட்டுப் பின்வாங்கினார்கள். சென்னை நகர டிராம்கள் மின்சாரத்தில் ஓடியதால் அவற்றுக்குப் பெட்ரோல் கவலை இல்லை. பஸ்களுக்குத்தான் திண்டாட்டம்.

ஐரோப்பாவில் ஜார்ஜ் இம்பர்ட் போன்றவர்கள் 1920-களிலேயே இந்த நுட்பத்தை வளர்த்திருந்தார்கள். லண்டனில் இந்த அடுப்பைத் தனிச் சிறு வண்டியாக்கி பஸ்சுக்குப் பின்னால் கட்டி இழுத்தார்கள். இங்கே, 1912 வாக்கில் பஸ் தொழிலில் இறங்கிய மதுரை டி.வி.சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம் 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' என்று சொந்தமாகவே தயாரித்தது. பெட்ரோல் இல்லை என்று பஸ்சை ஷெட்டில் போட்டால் வருமானம் பூஜ்யம். கரி நம்மூரிலேயே கிடைத்தது. மெதுவாக ஓடினாலும் டிக்கெட் காசு வரும். கணக்கு அவ்வளவு எளிமை.

ஆனால் அந்தக் கணக்கில் ஏறாத செலவு ஒன்று உண்டு. கரி வாயுவில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன். அதனால் என்ஜின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் பாதிகூடக் குறைந்துவிடும். மேட்டில் பஸ் திணறும். பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும். விடியற்காலையில் தீ மூட்டி, வாயு சரியாக வரும்வரை ஊதியின் கைப்பிடியைச் சுற்றுவது கிளீனரின் வேலை. சாம்பல் அள்ளுவதும், வடிகட்டி சுத்தம் செய்வதும் அவர் தலையில்தான். அவர் பக்கத்தில் நின்று தயாரித்த வாயுவோ நிறமும் மணமும் இல்லாத விஷம். மூடிய ஷெட்டில் கசிந்தால் ஆளையே கொன்றுவிடும். பாய்லர் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிட்டால், இந்த ஆபத்து, அந்தப் பையனின் உழைப்பு இரண்டுமே கதையிலிருந்து காணாமல் போய்விடும்.

போர் முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைத்ததும் யாருக்கும் இது வேண்டியிருக்கவில்லை. போல்ட்டைக் கழற்றினால் தனியாக வந்துவிடும் பொருள்தானே! பெரும்பாலும் காயலான் கடைக்குத்தான் போயிருக்கும். அதனால் பழைய பஸ் ஒன்றைப் புதுப்பிப்பவர்களுக்கு டிரம் கிடைப்பது அபூர்வம். பின்பக்கச் சட்டத்தில் எதற்கென்றே தெரியாத ஓட்டைகள், கார்புரேட்டர் பக்கத்தில் கூடுதலாக ஒரு வால்வு, டிரைவர் கைக்கெட்டும் தூரத்தில் எதோடும் சேராத ஒரு லீவர்... இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் உடனே கழற்றி எறிந்துவிட வேண்டாம். காற்றையும் கரி வாயுவையும் கலக்க வைத்த அமைப்பின் மிச்சமாக அது இருக்கலாம்.

உலோகத்தைவிட வேகமாக மறைந்துகொண்டிருப்பது மனிதர்களின் நினைவு. கரி பஸ்சில் ஏறியதை ஞாபகம் வைத்திருப்பவர்களுக்கு இன்று எண்பத்தைந்து வயதாவது இருக்கும். மயிலாப்பூரிலோ மாம்பலத்திலோ உங்கள் வீட்டில் அப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால் கேட்டுப் பாருங்கள். எந்த ஊர் பஸ், எங்கே இறங்கித் தள்ளினார்கள், கைப்பிடி சுற்றியது யார் என்று கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.