வசனம் குறைந்த ஆண்டுகள்

எழுபதுகளின் கடைசி மூன்று ஆண்டுகளில் தமிழ்த் திரைப்படம் தன் பேச்சைக் குறைத்துக்கொண்டது. 1977-இல் ‘16 வயதினிலே’ கேமராவை அரங்கத்திலிருந்து மண்ணுக்கு இறக்கியது என்பார்கள். அந்தப் பெருமை பாரதிராஜாவுக்கு உரியதே. ஆனால் எதையும் வாய்விட்டுச் சொல்லித்தான் புரியவைக்க வேண்டும் என்ற பழக்கம் ஒழிந்ததையே நான் பெரிய மாற்றமாகக் கருதுகிறேன். அதை முன்னின்று செய்தவரோ வசனத்தால் பேர் வாங்கிய மகேந்திரன்.

அழகப்பா கல்லூரி மாணவராக, எம்.ஜி.ஆர். முன்னிலையிலேயே தமிழ்ப் படங்களின் செயற்கையைக் கண்டித்துப் பேசியவர் அவர். திரையுலகம் அவரிடம் கேட்டு வாங்கியது வசனத்தைத்தான். 1974-இல் ‘தங்கப்பதக்கம்’ படத்தில் சிவாஜி கணேசனின் கம்பீரத்துக்கு ஈடான சொற்களைத் தந்தார். நான்கே ஆண்டுகளில், உமாசந்திரனின் நாவலை வைத்து இயக்கிய ‘முள்ளும் மலரும்’ வந்தபோது அந்தக் கைதட்டல் வசனம் காணாமல் போயிருந்தது. ரஜினிகாந்தின் காளி, தான் பகைத்த இன்ஜினீயருக்கே தங்கையை மணமுடித்துத் தருகிறான். ஆனால் அந்த மனிதரை இப்போதும் தனக்குப் பிடிக்கவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்கிறான். மனம் திருந்திய அண்ணனாக அவனை மாற்றாமல் விட்டதில்தான் படத்தின் நேர்மை இருக்கிறது.

1979-இல் வந்த ‘உதிரிப்பூக்கள்’ இன்னும் ஒரு படி மேல். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து முளைத்த கதை என்றாலும், அங்கே பேராசிரியராக இருந்த சுந்தரவடிவேலு இங்கே ஊர்ப் பெரிய மனிதன். நோயாளி மனைவி உயிரோடு இருக்கும்போதே அவள் தங்கையைத் தனக்குக் கட்டிவைக்கக் கேட்பவன். விஜயன் அவனை உறுமலோ உருட்டுவிழியோ இல்லாமல் நடித்தார். நிதானமாகப் பேசும் அந்தக் குரலே வீட்டை நடுங்க வைக்கிறது; லட்சுமியாக வரும் அஸ்வினி பெரும்பாலும் பேசாமலே அந்த நடுக்கத்தை நமக்குக் கடத்திவிடுகிறார். கடைசியில் ஊரே திரண்டு அவனை ஆற்றுக்குத் துரத்துகிறது. உங்களையும் என்னைப் போல ஆக்கிவிட்டேனே, நான் செய்த பெரிய தவறு அதுதான் என்கிறான் அவன். வில்லன் ஒழிந்தான் என்று நாம் நிம்மதியாக எழுந்து போக முடியாதபடி, குற்றத்தில் நமக்கும் பங்கு வைத்துவிடுகிறார் மகேந்திரன். தமிழில் இதற்கு இணையான முடிவை நான் பார்த்ததில்லை.

பேசாமை ஒன்றே கலை என்று இதற்குப் பொருளில்லை. 1978-இல் ருத்ரய்யா கறுப்பு வெள்ளையில் எடுத்த ‘அவள் அப்படித்தான்’ முழுக்கப் பேச்சுதான். எழுத்தாளர் வண்ணநிலவனும் அதன் வசனத்தில் பங்குகொண்டார். ஆனால் அங்கே யாரும் அரங்கைப் பார்த்துப் பேசுவதில்லை; ஒருவரையொருவர் துருவவும், காயப்படுத்தவும், தப்பித்துக்கொள்ளவுமே பேசுகிறார்கள். பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்த அருணின் புது மனைவியிடம், பெண் விடுதலை பற்றி என்ன நினைக்கிறாய் என்று நாயகி மஞ்சு கேட்கிறாள். தெரியாது என்கிறாள் அந்தப் பெண். அதனால்தான் நீ சந்தோஷமாக இருக்கிறாய் என்று மஞ்சு சொல்லும் பதிலில் ஸ்ரீப்ரியா கோபத்தையோ கண்ணீரையோ கூட்டவில்லை. அந்த வார்த்தைக்கு அருணிடம் மட்டுமல்ல, படம் எடுத்தவர்களிடமும் மறுமொழி இல்லை.