மகதை மண்டலம்

இன்றைய ஆத்தூர், தலைவாசல் வட்டாரத்தை உள்ளடக்கிப் பிற்காலச் சோழர் ஆட்சியில் வழங்கிய நாட்டுப் பிரிவு. வடக்கே கல்வராயன் மலைக்கும் தெற்கே பச்சைமலைக்கும் நடுவே வசிட்ட நதி பாயும் சமவெளியே இதன் நெஞ்சுப் பகுதி. தலைநகர் ஆறகளூர்.

மகதையை ஆண்டவர்கள் வாணகோவரையர். சோழருக்கு அடங்கியவர்கள் என்று பெயர், நடப்பில் தனியரசர்கள். மூன்றாம் குலோத்துங்கன் (1178–1218) காலத்து வாணகோவரையன் ஒருவன் ‘ஆறகளூருடைய மகதேசன்’ என்றே தன்னைச் சொல்லிக்கொண்டான். திருவண்ணாமலைக் கோயிலுக்குப் பொன் வேய்ந்ததால் ‘பொன்பரப்பினான்’ என்ற பட்டமும் அவனுக்கு உண்டு. ஆறகளூர் காமநாதீசுவரர் கோயிலில் பைரவர் எண்மர் இருக்கிறார்கள். பக்கத்துத் தியாகனூரிலோ பெரிய புத்தர் சிலைகள் இரண்டு. ஊரார் புத்தரையும் சாமியாகவே கும்பிடுகிறார்கள். சைவம் வென்றது, பௌத்தம் தோற்றது என்று பாடநூல் பாணியில் முடித்துவிட இந்த மண் இடம் கொடுக்காது.

மதுரை நாயக்கர் காலத்தில் தாரமங்கலத்துக் கெட்டி முதலியார்கள் வசிட்ட நதிக்கரையில் ஆத்தூர்க் கோட்டையைக் கட்டினர். அதிகாரம் ஆறகளூரை விட்டு ஆத்தூருக்கு நகர்ந்தது. நாட்டின் முகமும் கிழக்கிலிருந்து மேற்கே திரும்பியது. பிறகு மைசூர் அரசு, ஐதர் அலி, திப்பு.

1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு இப்பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். கம்பெனி அதிகாரிகளான அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து வரி விதித்தார்கள். மகதையைப் போர் எதுவும் அழிக்கவில்லை. பெயரை மெல்ல விழுங்கியது சேலம் ஜில்லாவின் வரிக் கணக்குதான். 1965இல் தர்மபுரியும் 1997இல் நாமக்கல்லும் சேலத்திலிருந்து பிரிந்தன. ஆத்தூர் சேலத்தோடேயே நின்றது. தேர்தல் பேச்சில் இன்று இதையும் கொங்கில் சேர்த்துவிடுகிறார்கள். வரலாற்றுக்கு அது பொருந்தாது.

எல்லாரும் ஒரே காலத்தில் ஒரே தேசத்துக்குள் வந்துவிடவும் இல்லை. கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கிறார்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. அந்த மலை ஊர்கள் 1976 வரை ஜாகீர்தார்களிடமே இருந்தன. அதற்குள் இந்தியா குடியரசாகி 26 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆறகளூர் இப்போது தலைவாசலுக்கு அருகே ஒரு சிற்றூர். மகதை என்ற பெயரைத் தேடுவோர் அங்குள்ள காமநாதீசுவரர் கோயில் கல்வெட்டுகளிலிருந்து தொடங்கலாம்.