எட்டு பைட் உறவு

தாம்பரம் சானடோரியம் மெப்ஸ் வளாகத்திலும் சிறுசேரியிலும் வேலை பார்த்தவர்கள் 2020 மார்ச்சில் வீட்டோடு அடைந்தபோது, சேலையூரிலும் பெருங்களத்தூரிலும் இரண்டு புகார்கள் பழகிப்போயின. அலுவலக வலையோடு இணைக்கும் "விபிஎன் கனெக்ட்டே ஆகலை" என்பது ஒன்று. "கனெக்ட் ஆகுது, ஆனா எதுவும் ஓப்பன் ஆகலை" என்பது மற்றொன்று. ரவுட்டரை அணைத்துப் போடுவதே இரண்டுக்கும் சொல்லப்பட்ட வைத்தியம். பெரும்பாலும் இரண்டிலும் அது பலிப்பதில்லை.

முன்னது, எண் இல்லாத குறை. ஒரே வெளிமுகவரியை வீடு முழுக்கப் பங்கிடும் ரவுட்டர், எந்தப் பாக்கெட் எந்தக் கருவிக்கு என்பதைப் போர்ட் எண்ணைப் பார்த்தே பிரிக்கிறது. ஐபிசெக் வகை விபிஎன்னின் இஎஸ்பி பாக்கெட்டுக்கும், பழைய பிபிடிபி வகையின் ஜிஆர்இ பாக்கெட்டுக்கும் போர்ட் எண்ணே கிடையாது. பின்னது, அளவு மிஞ்சிய குறை. ஒரு பாக்கெட்டுக்கு ஈதர்நெட் 1500 பைட் தாங்கும்; பிஎஸ்என்எல் ஃபைபர் போல பிபிபிஓஇ வழியே வரும் இணைப்பில் 1492தான். விபிஎன் உறையோடு பாக்கெட் அதைத் தாண்டினால் சிக்கிக்கொள்ளும்.

முன்னது ஒளிவுமறைவு இல்லாதது, உடனே தோற்றுவிடும். பின்னது ஆளை ஏய்க்கும். இணைந்ததாகப் பச்சை காட்டும், பிங் போகும், இரண்டு வரி மெயில்கூட வரும். அட்டாச்மென்ட்டைத் தொட்டால் உறைந்துவிடும். ரிமோட் டெஸ்க்டாப் கறுப்புத் திரையோடு நிற்கும். பாக்கெட் பெரிது என்று திருப்பிச் சொல்லவேண்டிய ஐசிஎம்பி செய்தியை வழியில் ஏதோ ஒரு ஃபயர்வால் விழுங்கிவிடுவதால் வரும் வினை இது. விபிஎன்னை நிறுத்திவிட்டு, துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு பிங் செய்து பார்க்கலாம்: பிபிபிஓஇ இணைப்பில் 1472 பைட் போகாது, 1464 போகும் (பாக்கெட்டின் தலைப்புகள் இந்த எண்ணில் சேராது). இடைவெளி 8.

அந்த 8தான் இரண்டையும் உறவாக்குகிறது. போர்ட் இல்லாத இஎஸ்பியை யுடிபி 4500 உறைக்குள் வைப்பது 2005இல் தரமாக்கப்பட்ட தீர்வு. அந்த யுடிபி தலைப்பும் சரியாக 8 பைட். முதல் குறையைத் தீர்க்க வந்தது, இரண்டாவதன் பாரத்தைக் கூட்டிவிடுகிறது!

மொபைல் ஹாட்ஸ்பாட்டில் போட்டுப் பார்ப்பது இரண்டுக்கும் பொதுச் சோதனை. முன்னது அதில் சரியானால் ரவுட்டரின் விபிஎன் பாஸ்த்ரூவைப் பார்க்க வேண்டும். பின்னது சரியானால் விபிஎன் அடாப்டரின் எம்டியுவை, அதாவது பாக்கெட்டின் உச்ச அளவை, 1400க்கு இறக்கிப் பார்க்கலாம். அதற்கும் மசியவில்லையா? வீடும் அலுவலகமும் 192.168.1 வரிசையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். அப்போதும் கனெக்ட் ஆகும், எதுவும் ஓப்பன் ஆகாது. ஆனால் மாற்றவேண்டியது வீட்டு ரவுட்டரின் முகவரி வரிசையை.