பல கோப்பு, ஒரு வட்டு

பல வீடியோ கோப்புகளைச் சேர்த்து, வீட்டு பிளேயரில் ஓடும் ஒரே டிவிடியாக ஆக்கும் வேலைக்குத் தொழில் வட்டாரத்தில் ஆதரிங் என்று பெயர். கோப்புகளை வட்டில் வெறுமனே நகலெடுப்பது வேறு, இது வேறு. நகலெடுத்த வட்டு கணினியில் திறக்கும். தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழே இருந்த பிளேயரோ அதைத் துப்பிவிடும்.

இதற்கான காரணம் டிவிடி பிறந்த விதத்தில் இருக்கிறது. 1990களின் நடுவில் சோனியும் பிலிப்ஸும் ஓர் அணியாகவும், தோஷிபா, டைம் வார்னர் முதலியவை இன்னோர் அணியாகவும் ஆளுக்கொரு வட்டை முன்வைத்தன. 1995-இல் சமரசம் ஏற்பட்டு ஒரே தரம் உருவானது. 1996 நவம்பரில் ஜப்பானிலும், அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் பிளேயர்கள் கடைக்கு வந்தன. அவற்றுக்குள் இருந்த சில்லுக்கு எழுதிவைத்த விதி மட்டும்தான் தெரியும். படம் பெரும்பாலும் எம்பெக்-2 முறையில் சுருக்கப்பட்டிருக்கும். இந்தியா பின்பற்றிய பால் முறையில் முழு அளவு 720க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 சட்டங்கள் (ஃபிரேம்கள்). ஒலியின் மாதிரி வீதம் நொடிக்கு 48,000. படத்துக்கான வேகம் நொடிக்கு 9.8 மெகாபிட்டைத் தாண்டக் கூடாது. வட்டில் வீடியோ_டிஎஸ் என்ற அடைவு இருக்க வேண்டும். அதற்குள் படமும் ஒலியும் பின்னிக் கிடக்கும் வாப் கோப்புகள், எது எங்கே தொடங்குகிறது என்று வழிசொல்லும் ஐஎஃப்ஓ கோப்புகள், அவை கெட்டுப்போனால் உதவ அவற்றின் பிரதிகள். ஒரு வட்டில் 99 தலைப்புகள் வரை, ஒரு தலைப்பில் 99 அத்தியாயங்கள் வரை வைக்கலாம். பல கோப்புகளுக்கு ஒரே வட்டில் இடம் கொடுத்தது இந்த ஏற்பாடுதான்.

முதல் சில ஆண்டுகள் இந்த வேலை பெரிய ஸ்டூடியோக்களுக்கு மட்டுமே கைகூடியது. குளிர்சாதனத்துக்குப் பெயர்போன ஜப்பானின் டைகின் நிறுவனம் தந்த சினாரிஸ்ட் அன்றைய முக்கியமான ஆதரிங் மென்பொருள். எழுதும் கருவியும் எட்டாத விலையில் இருந்தது: 1997-இல் பயனியர் வெளியிட்ட முதல் டிவிடி-ஆர் கருவியின் விலை ஏறத்தாழ 17,000 டாலர். 2001 ஜனவரியில் ஆப்பிள், பயனியரின் எழுதியைப் பொருத்திய கணினியையும் ஐடிவிடி என்ற எளிய மென்பொருளையும் ஒன்றாக அறிவித்தது. அந்தக் கணினியின் விலை 3,499 டாலர்; அதுவும் குறைவில்லைதான். ஆனாலும் வீட்டில் எடுத்த படங்களை இழுத்துப் போட்டால் மெனுவோடு ஒரு வட்டு வெளியே வரும் என்பது அதுவரை யாரும் நினைத்துப் பார்க்காத வசதி. அடுத்த சில ஆண்டுகளில் எழுதியின் விலை மளமளவென்று சரிந்து, தெருமுனை சிடி கடை வரை வந்து சேர்ந்தது.

அப்போதுதான் உண்மையான சிக்கல் தலைகாட்டியது. ஒரே குடும்பத்தின் கோப்புகள் கூட ஒன்றுபோல் இருக்கவில்லை. மினி டிவி (MiniDV) கேசட் கேமராவிலிருந்து இறக்கியது ஒரு வகை, டிஜிட்டல் ஸ்டில் கேமரா எடுத்த துண்டு இன்னொரு வகை, கைபேசி எடுத்த 176க்கு 144 அளவுப் படம் மூன்றாவது வகை, இணையத்தில் கிடைத்த டிவ்எக்ஸ் வடிவப் படம் நான்காவது வகை. சட்ட எண்ணிக்கை வேறு, ஒலி வீதம் வேறு, சட்டத்தின் நீள அகலம் வேறு. அத்தனையையும் அந்த ஒரே விதிக்கு இறக்கியோ ஏற்றியோ கொண்டுவர வேண்டும். ஒலி வீதத்தை மாற்றாமல் விட்டால் பிளேயர் மறுக்கும். சட்ட எண்ணிக்கையை அரைகுறையாக மாற்றினால் போகப் போக உதடு ஒருபுறமும் குரல் ஒருபுறமும் போய்விடும்.

அடுத்தது இடக்கணக்கு. உறையில் 4.7 ஜிபி என்று அச்சிட்டிருக்கும் வட்டு, கணினித் திரையில் 4.37 என்று காட்டும். அச்சில் ஒரு ஜிபி நூறு கோடி பைட். கணினி எண்ணுவது இரண்டின் மடங்குகளில். பலர் ஏமாந்த இடம் இது. அந்த 470 கோடி பைட்டுகளை ஓடும் நேரத்தால் வகுத்தால் தரம் தெரிந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு நொடிக்கு 5.2 மெகாபிட் கிடைக்கும். படம் தெளிவாக இருக்கும். மூன்று மணி நேரமானால் 3.5. நான்கானால் 2.6, அதிலும் ஒலிக்கு ஒரு பங்கு போக வேண்டும்.

இந்தக் கணக்கின் விளைவைத் தமிழ்நாட்டுக் கல்யாண வீடியோவில் கண்ணால் பார்க்க முடிந்தது. ஒரு மணி நேர மினி டிவி கேசட் கணினிக்குள் 13 ஜிபி ஆகும். நிச்சயதார்த்தம், மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், வரவேற்பு என்று நான்கு கேசட் சேர்ந்தால் 52 ஜிபி. வெட்டிச் சேர்த்தபின் மூன்று மணி நேரம் மிஞ்சினாலும், ஒரே வட்டில் அடக்கும்போது சுருக்கம் கடுமையாகும். மேடையில் அமர்ந்திருக்கும் மணமக்கள் தெளிவாகவே இருப்பார்கள். தாலி கட்டும் நொடியில் எல்லோரும் அட்சதை தூவும்போதுதான் திரை சின்னச் சின்னக் கட்டங்களாக உடையும். நூற்றுக்கணக்கான அரிசி மணிகள் திசைக்கொன்றாகப் பறக்கும் அந்தச் சட்டத்துக்குத் தேவையான பிட்டுகள் வட்டில் இல்லை. குடும்பமே திரும்பத் திரும்பப் பார்க்கப்போகும் நொடி அது. விவரம் தெரிந்த வீடியோக்காரர்கள் முகூர்த்தத்துக்கு ஒரு வட்டு, வரவேற்புக்கு ஒரு வட்டு என்று பிரித்துக் கொடுத்தார்கள், அதுவே சரி. கணினி இறுதிப் படத்தை உருவாக்கும் ரெண்டர் வேலை முடிய ஓர் இரவு பிடிக்கும். மின்வெட்டு வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பழைய விசிடிகளைச் சேர்க்க மட்டும் குறுக்கு வழி ஒன்று இருந்தது. விசிடியின் எம்பெக்-1 படத்தை 352க்கு 288 அளவிலேயே டிவிடி விதி ஏற்றுக்கொள்ளும். ஒலியை மட்டும் 44,100-இலிருந்து 48,000க்கு மாற்றினால் போதும், படத்தைத் தொடவே வேண்டாம். இப்படிச் செய்தால் ஒரு வட்டில் சுமார் ஏழு மணி நேரம் அடங்கும். இரண்டு மூன்று விசிடிகளில் வந்த தமிழ்ப் படங்களில் இரண்டையோ மூன்றையோ ஒரே டிவிடியில் போட முடிந்தது.

இலவச மென்பொருள்கள் இந்த வேலையை எல்லோருக்கும் பொதுவாக்கின. ஃபாப்ரிஸ் பெல்லார் 2000-இல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் கிட்டத்தட்ட எந்த வகைக் கோப்பையும் ஒரே கட்டளையில் டிவிடி விதிக்கு மாற்றியது. டிவிடிஆதர் வாப், ஐஎஃப்ஓ அமைப்பைக் கட்டியது. இந்தக் கருவிகளையே உள்ளே வைத்து, மேலே பொத்தான்களை அடுக்கியவைதான் டிவிடிஃபிளிக், டிவிடிஸ்டைலர் போன்றவை. 2007-இல் விண்டோஸ் விஸ்டாவோடு மைக்ரோசாஃப்ட் டிவிடி மேக்கரைத் தந்தது. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது அதை எடுத்துவிட்டது. அதற்குள் யூஎஸ்பி துளை வைத்த பிளேயர்களும் தொலைக்காட்சிகளும் கோப்புகளை அப்படியே ஓட்டத் தொடங்கியிருந்தன. கல்யாண வீடியோ பென்டிரைவுக்கு மாறியது.

இப்போது வேலை தலைகீழாக நடக்கிறது. எழுதும் டிவிடியில் பதிவைத் தாங்குவது சாயப் படலம். வெயிலும் ஈரமும் பட்டால் அது மங்கும். அதற்கு முன்பே வட்டைக் கோப்பாக மீட்க வேண்டியிருக்கிறது. ஒரு தலைப்பின் வாப் கோப்புகள் உண்மையில் ஒரே ஓட்டம். ஜிபிக்கு ஒன்றாக நறுக்கி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். வரிசையாக ஒட்டினால் தரம் சிறிதும் குறையாமல் ஒரே கோப்பாகும். மெனு மட்டும் கூட வராது. அட்சதை விழுந்த இடத்தில் உடைந்த கட்டங்கள் அப்படியே இருக்கும். அந்தக் கேசட் இன்னும் பீரோவில் இருந்து, அதை ஓட்டும் கேமராவும் கிடைத்தால்தான் அரிசி மணிகளை மறுபடி தெளிவாகப் பார்க்க முடியும்.