'பால் காணாது' என்ற பயம்: முதல் தாய்மாரும் வத்தேகம மலைத் தோட்டங்களும்

"பால் காணாது." முதற்பிள்ளை பெற்ற பெண் வீட்டுக்கு வந்த சில நாட்களுக்குள் இந்த இரண்டு சொற்களையும் கேட்டுவிடுகிறாள். மாமியார் சொல்லலாம், பக்கத்துக் காம்பரா அக்கா சொல்லலாம், பல வேளைகளில் அவளே தனக்குள் சொல்லிக்கொள்கிறாள். அடுத்து, கடையிலிருந்து பால்மாப் பெட்டி வருகிறது. தாய்மார் பாலூட்டுவதை இடையில் நிறுத்துவதற்கு உலகெங்கும் சொல்லப்படும் முக்கிய காரணங்களில் இதுவும் ஒன்று. ஆனால் உடல்ரீதியாகவே போதிய பால் சுரக்காத தாய்மார் சிலர்தான். ஏனையோரிடம் முதலில் குறைவது நம்பிக்கை.

இலங்கை இந்த விடயத்தில் பின்தங்கிய நாடல்ல. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் 82 வீதமானோர் தாய்ப்பால் மட்டுமே குடித்தனர். 2020 இல் தாய்ப்பாலூட்டல் கொள்கைகள் பற்றிய உலகளாவிய மதிப்பீட்டில் 100க்கு 91 புள்ளிகளுடன் இலங்கை முதலிடம் பெற்றது. வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தருக்கு, அதாவது மக்கள் 'மிட்வைஃப்' என்று அழைப்பவருக்கு, இதில் பெரும் பங்குண்டு.

ஆனால் நாடு முழுவதற்குமான வீதம் ஒவ்வொரு லயத்தின் நிலையையும் காட்டாது. கண்டி–மாத்தளை ரயில் பாதையில் உள்ள சிறுநகரம் வத்தேகம. அங்கிருந்து பன்வில, மடுல்கலை என்று வீதி ஏறினால் தேயிலைத் தோட்டங்கள். மலையகத்தில் தமிழ்த் தாய் ஒருத்திக்குச் சிங்களம் மட்டும் தெரிந்த ஊழியர் ஆலோசனை சொல்ல நேர்வது புதிதல்ல. நிறையையும் ஊசியையும் சைகையால் விளக்கிவிடலாம். "எனக்குப் பயமாக இருக்கிறது" என்பதைச் சைகையால் சொல்ல முடியாது.

நம்பிக்கை எங்கிருந்து வருகிறது?

பாலூட்டும் தாயின் தன்னம்பிக்கையை அளக்க, கனடாவின் தாதியியல் ஆய்வாளர் சிண்டி-லீ டெனிஸ் 1999 இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார். பின்னர் அது 14 கேள்விகளாகச் சுருக்கப்பட்டது. உளவியலாளர் அல்பேட் பண்டுராவின் கோட்பாடே அதன் அடிப்படை. அதன்படி நம்பிக்கை நான்கு வழிகளில் வளர்கிறது: சொந்த அனுபவம், பிறர் செய்வதைப் பார்த்தல், நம்புகிறவர்களின் சொல், உடல் மன நிலை.

முதல் தாய்க்குச் சொந்த அனுபவம் கிடையாது. எனவே மற்ற மூன்றும் அவளுக்கு அவசியம். இடப்பெயர்வு வெட்டியது இவற்றைத்தான். 1977, 1983 வன்செயல்களால் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போனவர்கள், 2009 இல் மெனிக்பாம் முகாமில் அடைக்கப்பட்டவர்கள், இன்று வெளிநாட்டில் தனியே பிள்ளை பெறுகிறவர்கள் எனப் பலருக்கும் தாயோ சித்தியோ பக்கத்தில் இருந்து காட்டிக்கொடுக்கும் வாய்ப்பு இல்லாமற் போனது.

பயத்தில் பால் வற்றுமா?

"ஷெல் சத்தத்தில் பால் வற்றிப்போச்சு" என்று சொல்லும் தாய்மார் நம்மிடையே உண்டு. நடப்பது இதுதான்: பாலை உருவாக்குவது புரோலக்டின் என்ற ஹோர்மோன். உருவான பாலை வெளியே தள்ளுவது ஒக்சிரோசின். பயமும் களைப்பும் வலியும் இரண்டாவதைத் தற்காலிகமாகத் தடுக்கின்றன. பால் உள்ளே இருக்கும், இறங்கத் தாமதிக்கும். அமைதியான இடத்தில் குழந்தையை வெற்றுடம்போடு மார்பில் அணைத்துத் தொடர்ந்து சூப்பவிட்டால் மீண்டும் இறங்கும். ஓரளவு போசாக்குக் குறைந்த தாயிடமும் பால் சுரக்கும். சாப்பாடு தேவைப்படுவது தாய்க்குத்தான்.

முதல் ஓரிரு நாட்களில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பால் ஒரு தடவைக்குத் தேக்கரண்டி அளவே இருக்கும். பிறந்த குழந்தையின் வயிற்றுக்கு அது போதும். பால் பெருகுவது பெரும்பாலும் மூன்றாம், நான்காம் நாளில். குடிக்கக் குடிக்கத்தான் ஊறும். இடையில் புட்டிப்பால் கொடுத்தால் குழந்தை மார்பில் குடிப்பது குறையும், சுரப்பும் குறையும். அப்போது 'பால் காணாது' என்ற பயம் உண்மையாகிவிடும்.

போதுமா என்று அறிவது எப்படி?

அழுகை மட்டும் அளவாகாது. மாலையில் அடிக்கடி பால் கேட்பது பல குழந்தைகளின் இயல்பு. பார்க்க வேண்டியவை இவை:

• 24 மணிநேரத்தில் 8 முதல் 12 தடவை குடிக்கிறதா?
• ஐந்தாம் நாளுக்குப் பின் நாளுக்கு 6 தடவையாவது சலம் போகிறதா?
• முதலில் குறைந்த நிறை இரண்டு வாரத்துக்குள் திரும்பி வந்ததா?
• வாயை அகலத் திறந்து, காம்பை மட்டுமன்றிச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் கவ்வுகிறதா?

குழந்தை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தால், சலம் குறைந்தால், மஞ்சள் நிறம் கூடினால், தாயின் மார்பு சிவந்து காய்ச்சல் வந்தால், உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தாய்க்குத் தொடர்ந்து அழுகையும் வெறுமையும் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அது சிகிச்சையால் குணமாகும் நோய். மருத்துவக் காரணத்தால் பால்மா கொடுக்க நேர்ந்த தாய் குற்றவாளி அல்ல.

84 நாட்களும் ஆறு மாதமும்

ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்கிறது சுகாதாரத் துறை. தோட்டத் தொழிலாளியின் பிரசவ விடுமுறையோ 84 நாட்கள். 2018 திருத்தத்தின் பின் எத்தனையாவது பிள்ளையானாலும் இதே அளவுதான். மூன்று மாதமாகும் முன்பே தாய் கொழுந்துக்கூடையுடன் மலைக்கு ஏற வேண்டும்.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்டும் தொழிலாளிக்கு, ஒன்பது மணிநேரத்துக்குள் இரண்டு இடைவேளை கொடுக்க வேண்டும் என்று பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. பிள்ளைமடுவம் இருந்தால் ஒவ்வொன்றும் 30 நிமிடம், இல்லையென்றால் ஒரு மணிநேரம். ஆனால் முழுப்பேருக்கான கிலோ குறையுமே என்ற கவலையில் இருக்கும் தாய், இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டு மீண்டும் ஏறுவாளா? இங்கே அவளுடைய தன்னம்பிக்கை மட்டும் போதாது. இடைவேளையால் அவளுடைய கூலி குறையாமல் பார்ப்பது தோட்ட நிர்வாகத்தினதும் தொழிற்சங்கங்களினதும் பொறுப்பு.

வேலைக்குப் போகும் தாய் பாலைப் பிழிந்து, மூடிய சுத்தமான பாத்திரத்தில் வைத்துப் போகலாம். சாதாரண அறையில் 4 மணிநேரம், குளிர்சாதனப் பெட்டியில் 4 நாட்கள் வரை வைக்கலாம். புட்டியைவிடச் சிறு கோப்பையால் பருக்குவது நல்லது.

சந்தேகம் வந்தால் பிரதேசச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையையும் மிட்வைஃபையும் நாடலாம். பெரிய வைத்தியசாலைகளில் தாய்ப்பாலூட்டல் முகாமைத்துவ நிலையங்களும் உண்டு. மொழி தடையாக இருந்தால், தமிழில் விளக்கும்படி கேட்பது தாயின் உரிமை.

வீட்டாருக்கும் ஒரு வேலை இருக்கிறது. "பால் காணாது" என்று சொல்ல வாயெடுக்கும் முன், "இன்றைக்கு எத்தனை தடவை சலம் போனது?" என்று கேளுங்கள். ஆறு என்று பதில் வந்தால், "உன் பால் போதும்" என்று அவளிடம் சொல்லுங்கள்.