நறுமணக் காப்பியும் நான்கு பொடிகளும்



வரலாறு என்றவுடன் முடியரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவை எங்கோ தொலைவில் நிகழ்ந்தவை, நம் அடுக்களைக்கும் அவற்றிற்கும் தொடர்பில்லை என்று எண்ணிவிடுகிறோம். நெடுங்காலம் வகுப்பறையில் வரலாறு கற்பித்த நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியது என் பேத்தி கலந்து தந்த ஒரு கோப்பைக் காப்பி.

அமெரிக்காவில் உயர்கல்வி பயிலும் அவள், சென்ற டிசம்பர் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தாள். அந்நாட்டில் இலையுதிர் காலம் தொடங்கி, நவம்பரில் வரும் நன்றி நவிலும் திருநாளையும் கிறிஸ்துமஸையும் ஒட்டி, மக்கள் விரும்பிப் பருகும் மசாலை கலந்த பால் காப்பி ஒன்று உண்டு. அதை வீட்டிலேயே செய்து காட்டுகிறேன் என்றாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

இருவருக்குப் போதுமான முந்நூறு மில்லி லிட்டர் பாலை இளந்தணலில் வைத்தாள். வேகவைத்து மசித்த பரங்கிக்காய் விழுது இரண்டு மேசைக்கரண்டியும், சர்க்கரை இரண்டு தேக்கரண்டியும் அதிற் சேர்த்தாள். பின்பு இலவங்கப்பட்டைப் பொடி அரைத் தேக்கரண்டி, சுக்குப்பொடி கால் தேக்கரண்டி, ஜாதிக்காய்ப் பொடி ஒரு சிட்டிகை, கிராம்புப் பொடி அதனினும் குறைவாக ஒரு சிட்டிகை. பால் பொங்கும் முன்னரே இறக்கி வடிகட்டினாள். மணப்பொருள்களின் மணம் அவற்றிலுள்ள எண்ணெயில் இருக்கிறது. அவ்வெண்ணெய் தண்ணீரைவிடப் பாலின் கொழுப்பில் எளிதாகக் கரையும். ஆகையால் பொடிகளைப் பாலில் சூடாக்குவதே முறை. வடிகட்டாவிட்டால் கரையாத துகள் அடியில் தங்கி நாவை உறுத்தும். நம் வீட்டு வடிகலத்தில் இறங்கிய கெட்டியான டிகாக்‌ஷன் நூறு மில்லி லிட்டரை அந்தப் பாலில் ஊற்றி, அமெரிக்கக் கடைகளில் நீராவி கொண்டு எழுப்பும் நுரையை, டம்ளரும் டவராவும் கொண்டு ஆற்றியே எழுப்பிவிட்டாள்.

காப்பி நன்றாகவே இருந்தது. “இந்த நான்கு பொடிகளும் எந்த ஊர்ப் பொருள், தெரியுமா?” என்று கேட்டேன். “கடையில் ஒரே புட்டியில் கலந்தே கிடைக்கும், தாத்தா” என்றாள். அது முழுமையான விடையன்று என்பது அவளுக்கும் தெரிந்தது; சிரித்துவிட்டாள். அன்றிரவு பழைய புத்தகங்களையும் புதிய நூல்களையும் எடுத்துவைத்துக் கொண்டு உட்கார்ந்தேன். அப்போது தெரிந்தவற்றையே இன்று உங்களுடன் பகிர்ந்து கொள்கிறேன்.

முதலில் காப்பி. காப்பிச் செடியின் தாயகம் எத்தியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காடுகள். அதைப் பானமாகப் பருகும் வழக்கம் பதினைந்தாம் நூற்றாண்டில் ஏமன் நாட்டுச் சூபி அடியார்களிடையே வேரூன்றியது. இரவு முழுதும் விழித்திருந்து இறைவனைத் துதிக்க அது துணைசெய்தது. 1511-ஆம் ஆண்டில் மெக்காவின் ஆளுநர் கைர் பேக் காப்பியைத் தடை செய்தார். கெய்ரோவிலிருந்த சுல்தான் அத்தடையை நெடுநாள் நிலைக்கவிடவில்லை. 1675-இல் இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் மன்னரும் காப்பிக் கடைகளை மூடுமாறு ஆணையிட்டார். அங்கே மக்கள் கூடி அரசியல் பேசுகின்றனர் என்பதே அவருடைய அச்சம். எதிர்ப்பு வலுக்கவே, சில நாள்களில் ஆணையைத் திரும்பப் பெற்றார்.

காப்பியில் மசாலை சேர்ப்பதும் புதுமையன்று. ஏமனியர் காப்பிப் பழத்தின் உலர்ந்த தோலை இஞ்சியுடன் காய்ச்சிக் ‘கிஷ்ர்’ என்ற பெயரில் பருகுவர். அரேபியரின் விருந்துக் காப்பியில் ஏலக்காய் மணக்கும். ஏலம் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்குரியது. ஆகவே என் பேத்தி செய்தது பழைய வழக்கத்தின் புதிய வடிவமே.

இனி நான்கு பொடிகள். நால்வருள் நமக்கு மிக நெருங்கிய உறவு இஞ்சி. உலர்ந்தால் சுக்கு. ஐரோப்பிய மொழிகளில் இஞ்சிக்கு வழங்கும் பெயர்கள் கிரேக்கம் வழியாகவும் பிராகிருதம் வழியாகவும் நம் ‘இஞ்சி’ என்னும் திராவிடச் சொல்லையே சென்றடைகின்றன என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. பொருள் சென்ற வழியே பெயரும் சென்றது. இஞ்சியை வெப்ப நாடுகள் பலவற்றில் எளிதாகப் பயிரிடலாம்; ஆகையால் அதை எவரும் தனியுரிமையாக்கிக் கொள்ள இயலவில்லை. மற்ற மூன்றின் கதை அப்படியன்று.

இரண்டாவது இலவங்கப்பட்டை. இலங்கைத் தமிழர் இதைக் கறுவா என்பர். மெல்லிய சுருளாக உரிக்கப்படும் உயர்ந்த பட்டை இலங்கைக்கே உரியது. அமெரிக்கக் கடைப்பொடியில் பெரும்பகுதி அதன் இனமான, தடித்த கேசியாப் பட்டை என்பதையும் குறித்துக் கொள்க. இலங்கையிற் பட்டை உரித்துத் தருவது சலாகம என்னும் குலத்தாரின் கட்டாய ஊழியமாயிற்று. பதினாறாம் நூற்றாண்டில் வந்த போர்த்துகீசியர் அவ்வூழியத்தைத் தம் வாணிகத்துக்குப் பயன்படுத்தினர். 1656-இல் கொழும்பைக் கைப்பற்றிய டச்சுக்காரர் அதை மேலும் இறுக்கினர். கம்பெனியின் அனுமதியின்றிக் கறுவாவை வெட்டினாலோ விற்றாலோ மரண தண்டனை வரை விதிக்க இடமிருந்தது. காட்டில் தானே வளர்ந்த மரத்தின் பட்டையை உரித்தவன் உயிரை இழக்கலாம் என்பது எத்தகைய சட்டம்! பின்னர் அவர்களே தோட்டமிட்டுப் பயிரிடத் தொடங்கினர். கொழும்பில் இன்றும் ‘கறுவாத் தோட்டம்’ என்றொரு பகுதி அப்பெயருடன் இருக்கிறது.

மூன்றாவது கிராம்பு. கிழக்கே மொலுக்கஸ் தீவுகளிற் சில, குறிப்பாகத் தெர்னாத்தே, திதோரே ஆகியவையும் அவற்றின் அண்டைத் தீவுகளும், அதன் தாயகம். மகெல்லன் 1519-இல் ஐந்து கப்பல்களுடன் புறப்பட்டதை நீங்கள் படித்திருப்பீர்கள். 1522-இல் உலகைச் சுற்றித் திரும்பியது விக்டோரியா என்னும் ஒரே கப்பல். அதில் இருந்தோர் பதினெண்மர். மகெல்லன் வழியிலேயே கொல்லப்பட்டார். ஆயினும் அந்த ஒரு கப்பலில் வந்த கிராம்பின் விலையே பயணச் செலவை ஈடுகட்டியது. பின்னர் வந்த டச்சுக் கம்பெனி, விலை குறையாதிருக்கும்பொருட்டு, அம்போன் பகுதியில் மட்டும் கிராம்பை விட்டுவைத்து, பிற தீவுகளில் மரங்களை வேரோடு வெட்டியழித்தது. 1770-இல் பியேர் புவாவர் என்னும் பிரெஞ்சுக்காரரின் முயற்சியால் கன்றுகள் மறைவாக மோரிசியசுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. பிறகு கிராம்பு சான்சிபாரை அடைந்து, அங்கே அடிமைகளின் உழைப்பால் தழைத்தது.

நான்காவது ஜாதிக்காய். ஒரு சிட்டிகைதான் சேர்த்தாள் என்றேன். அந்தச் சிட்டிகைக்காகவே இப்பேச்சை எழுதினேன்.

இந்தோனேசியாவின் கிழக்குப் பகுதியில் பாண்டா என்ற சிறு தீவுக்கூட்டம் உள்ளது. தேசப்படத்தில் சில புள்ளிகள். ஜாதிக்காயும், அதன் மேல் சிவந்த வலைபோற் படரும் ஜாதிபத்திரியும் நெடுங்காலம் உலகிற்கு அங்கிருந்து மட்டுமே வந்தன. பாண்டா மக்களுக்குத் தனி அரசன் இல்லை. ஊர்ப் பெரியோர் கூடி முடிவெடுப்பர். ஜாவானியர், அரபியர், மலாய்க்காரர் என வந்தவர் எவராயினும் அவரோடு வாணிகம் செய்தனர். தமக்கு மட்டுமே விற்கவேண்டும் என்று டச்சுக்காரர் எழுதி வாங்கிய ஒப்பந்தங்கள் அவர்களுக்குப் பொருந்தவில்லை. அரிசியும் துணியும் பிறரிடமிருந்து பெற்று வாழும் தீவினர், ஒரே வணிகனிடம் எவ்வாறு கட்டுண்டிருக்க முடியும்?

1621-ஆம் ஆண்டில் டச்சுக் கம்பெனியின் தலைமை ஆளுநர் யான் பீட்டர்சூன் கூன் பெரும்படையுடன் பாண்டாவில் இறங்கினார். ஊர்ப் பெரியோர் நாற்பத்து நால்வரை ஒரு மூங்கில் வேலிக்குள் அடைத்து, கூலிக்கு அமர்த்திய ஜப்பானியப் போர்வீரர்களைக் கொண்டு தலை துண்டிக்கச் செய்தார். ஊர்கள் எரிக்கப்பட்டன. மலைகளுக்கு ஓடியவர் பட்டினியாலும் நோயாலும் மாண்டனர். பலர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். ஏறத்தாழப் பதினையாயிரம் பேர் வாழ்ந்த தீவுகளில் எஞ்சியவர் ஆயிரம் பேர் அளவே என்பது வரலாற்றாசிரியர் தரும் கணக்கு. நிலம் அறுபத்தெட்டுத் தோட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. வேற்று நாடுகளிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள் அங்கே காய் பறித்தனர்.

அத்தீவுகளுள் ரூன் என்பது ஒன்று. அதற்கு ஆங்கிலேயர் உரிமை கொண்டாடி வந்தனர். மறுபுறம், வட அமெரிக்காவில் டச்சுக்காரரின் நியூ ஆம்ஸ்டர்டாம் நகரை 1664-இல் ஆங்கிலேயர் பிடித்து நியூயார்க் எனப் பெயரிட்டனர். 1667-இல் பிரேடா உடன்படிக்கை ஏற்பட்டது. அவரவர் கையில் இருப்பது அவரவர்க்கு என முடிவாயிற்று. ரூன் தீவு டச்சுக்காரருக்கு. மன்ஹாட்டன் உள்ளிட்ட நிலம் ஆங்கிலேயருக்கு.

இவ்விடத்தில் நான் ஒரு குறையை ஒப்புக்கொள்ள வேண்டும். பிரேடா உடன்படிக்கையை ஆண்டுதோறும் நான் கற்பித்திருக்கிறேன். ஆண்டு, இடம், இருதரப்பினர், விதிகள் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்வித்தேன். தேர்வில் என் மாணவர்கள் முழு மதிப்பெண் பெற்றனர். ஆனால் அந்த இருதரப்பினரும் எதைப் பங்கிட்டுக் கொண்டனர், அங்கே நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள் என்ன ஆயினர் என்று ஒரு வகுப்பிலும் நான் கேட்டதில்லை. எந்த மாணவனும் என்னைக் கேட்டதில்லை. கேட்கும் பழக்கத்தை நான் அவர்களுக்குக் கொடுக்கவில்லை என்பதே உண்மை.

பாண்டாவினர் முற்றும் அழிந்துவிடவில்லை. தப்பியோடியவருட் சிலர் தென்கிழக்கே உள்ள கெய் தீவுகளில் குடியேறினர். அவர்கள் வழிவந்தோர் இன்றும் அங்கே பாண்டா மொழியைப் பேசுகின்றனர். பாண்டாத் தீவுகளிலோ அம்மொழி வழக்கொழிந்துவிட்டது. கம்பெனியின் தனியுரிமையும் நிலைக்கவில்லை. நெப்போலியன் காலத்துப் போர்களில் பாண்டாவைப் பிடித்த ஆங்கிலேயர், கன்றுகளைப் பினாங்கு முதலிய இடங்களுக்குக் கொண்டுசென்றனர். பின்னாளில் மேலைக் கடல் தீவான கிரெனடாவில் அது செழித்தது; அந்நாட்டின் தேசியக் கொடியிலேயே ஜாதிக்காயின் உருவத்தைக் காணலாம்.

பிரிந்து கிடந்த இப்பொருள்கள் ஒரே கோப்பையில் சேர்ந்தது எவ்வாறு? 1796-இல் அமெலியா சிம்மன்ஸ் என்னும் அம்மையார் வெளியிட்ட அமெரிக்கச் சமையல் நூலில், பரங்கிக்காய்ப் பண்டத்திற்கு ஜாதிபத்திரியும் ஜாதிக்காயும் இஞ்சியும் சேர்க்கச் சொல்லப்பட்டிருக்கிறது. இத்தகைய பண்டங்களுக்கென்றே பொடிகளைக் கலந்து விற்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டில் வந்தது. மெக்கார்மிக் நிறுவனம் 1934-இல் அத்தகைய கலவையை வெளியிட்டது. ‘லாட்டே’ என்னும் இத்தாலியச் சொல்லுக்குப் பால் என்பதே பொருள். இத்தாலியரின் பால் காப்பியோடு இப்பொடிகளைச் சேர்த்து, ஸ்டார்பக்ஸ் நிறுவனம் 2003-இல் ஒரு பானத்தைக் கடைகளில் அறிமுகம் செய்தது. ஒருகாலத்தில் ரூன் தீவோடு ஒருசேர எடைபோடப்பட்ட நியூயார்க் நகரில், இன்று பண்டிகைக் காலத்தில் ஜாதிக்காய் மணக்கும் காப்பியை மக்கள் தெருவிற் பருகிக்கொண்டே நடக்கின்றனர்.

காப்பியின் கதையிலும் கண்ணீர் இல்லாமலில்லை. 1780-களின் இறுதியில் உலகக் காப்பியில் ஏறத்தாழப் பாதியை விளைவித்தவர் செந்தொமிங்கு என்னும் பிரெஞ்சுக் குடியேற்றத்தின் அடிமைகள். 1791-இல் அவர்கள் கிளர்ந்தெழுந்து, 1804-இல் ஹெயிட்டி என்னும் விடுதலை நாட்டை அமைத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை மலைகளில் காப்பித் தோட்டங்கள் பெருகியபோது, திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து நம் மக்கள் கடல் கடந்து மன்னார் சேர்ந்து, காட்டுவழியே கால்நடையாக மாத்தளை நோக்கிச் சென்றனர். காலராவாலும் காய்ச்சலாலும் வழியில் விழுந்தவர் பலர். 1869-இல் காப்பி இலைகளில் துருநோய் கண்டது. இருபது ஆண்டுகளுக்குள் தோட்டங்கள் அழிந்து தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. தோட்டப் பயிர் மாறியது, கூலியாள் மாறவில்லை.

இவற்றையெல்லாம் சொல்லி முடித்தபோது என் பேத்தி சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, “அப்படியானால் இதைக் குடிக்கவே கூடாதா, தாத்தா?” என்று கேட்டாள். குடிக்கலாம், அம்மா. ஜாதிக்காய் ஒரு குற்றமும் செய்யவில்லை. இன்று அதைப் பயிரிட்டு வாழும் குடும்பங்கள் பாண்டாவிலும் உண்டு, கிரெனடாவிலும் உண்டு, நம் கேரளத்திலும் உண்டு. நாம் வாங்காமலிருப்பதால் இறந்தவர் எழப்போவதில்லை. ஆனால் எந்தப் பொருளும் கடைப் புட்டியிலேயே பிறந்ததென்று எண்ணக்கூடாது. பயிரிட்டவர் யார், பறித்தவர் யார், அவருக்குக் கிடைத்தது என்ன என்று கேட்கவேண்டும். பழைய காலத்தைப் பற்றிக் கேட்கத் தெரிந்தவனே இன்றைய காலத்தைப் பற்றியும் கேட்பான்.

மாணவ நண்பர்களே, இன்றிரவு உங்கள் தேசப்படப் புத்தகத்தை எடுங்கள். ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே, செராம் தீவுக்குத் தெற்கே, கடல் நடுவில் பாண்டாத் தீவுகளைத் தேடிப் பாருங்கள். உங்கள் படம் சிறியதாயின் அவை அதில் இல்லாமலும் இருக்கலாம். அப்போது ஒரு பென்சிலால் நீங்களே அவ்விடத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.