எழுதித் தந்த வாக்கும் வசூலிக்க வந்த பேச்சும்

மார்ட்டின் லூதர் கிங் 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் ஆற்றிய உரை, கனவுக்காகவே நினைவுகூரப்படுகிறது. அதன் முற்பகுதியில் இருப்பதோ ஒரு கணக்கு. 1776ஆம் ஆண்டின் சுதந்திரப் பிரகடனத்தையும் அமெரிக்க அரசமைப்பையும், நாடு தன் குடிமக்களுக்கு எழுதித் தந்த புரோநோட்டாக அவர் உருவகித்தார். கறுப்பின மக்களுக்குக் கிடைத்த காசோலை பணமின்றித் திரும்பிவிட்டது என்றார். இதனால் பேசுபவரின் நிலையே மாறிவிடுகிறது. சலுகை வேண்டி நின்றவர் பாக்கியை வசூலிக்க வந்தவராகிறார். மறுப்பவர் தம் முன்னோரின் கையெழுத்தையே மறுக்க நேர்கிறது.

அப்பிரகடனத்தை வரைந்த தாமஸ் ஜெஃபர்சன், தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தவர். இந்த முரணை மறைத்து ஆவணத்தைப் போற்றினால் அது வெறும் புகழுரை. அடிமைத்தளையிலிருந்து தப்பிய ஃபிரடெரிக் டக்ளஸ், 1852 ஜூலை 5 அன்று ராச்செஸ்டரில் பேசியபோது, சுதந்திர நாள் வெள்ளையருடையது, தம்முடையதன்று என்றார். ஆயினும் பிரகடனத்தின் கொள்கைகளை அவர் கைவிடவில்லை.

நம் கருத்தில், செயற்பாட்டாளர்கள் கூர்ந்து படிக்க வேண்டியது கிங்கின் 1968 ஏப்ரல் 3 மெம்ஃபிஸ் உரை. குப்பை வண்டியின் அழுத்துபொறியில் சிக்கி இரு தூய்மைப் பணியாளர்கள் இறந்ததை அடுத்து, ஏறத்தாழ 1,300 கறுப்பினத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்துவந்தனர். அவர்களுக்கான பேரணிக்கு நீதிமன்றம் தடை விதித்திருந்தது. காகிதத்தில் எழுதியதற்கு உண்மையாக இருக்குமாறு அமெரிக்காவைக் கேட்ட கிங், கூட்டம் கூடும் உரிமை, பேச்சுரிமை, பத்திரிகையுரிமை என ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எடுத்தார். எந்த உரிமை அன்று பறிக்கப்பட்டதோ அதையே சுட்டினார். 'சமத்துவம்' என்ற பொதுச்சொல் அங்கே போதியிருக்காது. மறுநாள் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார்.

இந்தியாவில் நம் கையிலுள்ள ஆவணம் வேறு வகையானது. அதன் வரைவுக் குழுவின் தலைவரே அம்பேத்கர். அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளாதார வாழ்வில் ஏற்றத்தாழ்வும் கொண்ட முரண்பாட்டுக்குள் நுழையப்போகிறோம் என்று 1949 நவம்பர் 25 அன்று எச்சரித்தவரும் அவரே. நம் கூட்டங்களில் அவர் தந்த சட்டம் என்று வணங்கிவிட்டு நகர்வதே வழக்கமாகிவிட்டது. கழிவுநீர்த் தொட்டி மரணத்தைக் கண்டிக்கும் மேடையில் தீண்டாமையை ஒழித்த பிரிவு 17-ஐயும், கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்தையும், சாக்கடை மரணத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்ற உச்ச நீதிமன்றத்தின் 2023 தீர்ப்பையும் வரிசையாகச் சொல்லி, அத்தொகை இறந்தவரின் வீட்டுக்கு வந்து சேர்ந்ததா என்று நகராட்சி ஆணையரைப் பெயர் சொல்லிக் கேட்கும் உரையை நாம் அரிதாகவே கேட்கிறோம்.